கடலில் போடாத அட்டைகள்

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பது ஆண்டுகளாகக் கடலைப் பற்றிப் படித்து, கடலைப் பற்றிப் பாடம் நடத்தி, அந்தச் சம்பளத்தில் வீடும் வாங்கியவள் நான். ஆனால் எனக்குக் கடலில் போனால் வாந்தி வரும். பட்டர்வொர்த் ஃபெரியில் ஏறிப் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே முகம் வெளுத்துவிடும். அந்தக் கடலுக்கு மேல் பாலம் திறந்தபோது பினாங்குத் தீவில் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் யாரும் இருந்திருக்க முடியாது.

இப்படிப்பட்ட ஆளுக்குக் கடல் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். எண்பதுகளின் கடைசியில், கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது, டாக்டர் ஓங் என்பவரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தேன். அவர் வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். குட்டையான முடி, வேகமான நடை, சிரிப்பு மட்டும் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். "கடலைக் கணினிக்குள் கொண்டுவரப் போகிறோம்" என்றார் நேர்காணலில். கணினி அறையில் குளிர்சாதனம் இருந்தது, அலை இல்லை. நான் உடனே சரி என்றேன்.

அவர் செய்தது தலைகீழ்க் கணக்கு. வழக்கமாக, நீரோட்டம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் ஒரு பொருள் எங்கே போய் ஒதுங்கும் என்று கணக்குப் போடுவார்கள். நாங்கள், பொருள் எங்கே ஒதுங்கியது என்பதை வைத்துக்கொண்டு, எந்த நீரோட்டம் அதைக் கொண்டுவந்திருக்கும் என்று பின்னோக்கிப் போக வேண்டும். (அப்பாவின் சட்டைக் கறையைப் பார்த்து அவர் எந்தக் கடையில் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று அம்மா கண்டுபிடிப்பாள். அதே கணக்குதான்.) அதோடு நிற்காது. கணினிக்குள் இருக்கும் கடல் ஒன்று சொல்லும், வெளியே கிடைத்த தகவல் வேறொன்று சொல்லும். எதை எவ்வளவு நம்பலாம் என்று ஒரு மதிப்புக் கொடுத்து, கணினிக் கடலை உண்மைக் கடலின் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும்.

தகவலுக்கு என்ன வழி? அட்டைகள். தபால் அட்டை அளவில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி, இருநூற்று நாற்பது அட்டைகள் தயார் செய்தோம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே இருக்கும் கடலில் எட்டு இடங்களைக் குறித்து, இடத்துக்கு முப்பதாக மிதக்க விட வேண்டும். கரையில் கண்டெடுப்பவர் தன் பெயர், கிடைத்த இடம், தேதி எல்லாம் எழுதித் தபாலில் போட வேண்டும் என்று நான்கு மொழிகளில் அச்சடித்திருந்தோம். தமிழ் வாசகம் என்னுடையது. அது ஒன்றுதான் அந்தத் திட்டத்தில் நான் தவறில்லாமல் செய்த வேலை.

ஒரு வருடத்துக்குத்தான் பணம் இருந்தது. வருடக் கடைசியில் வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து பார்த்து, திட்டம் தொடரலாமா என்று சொல்வார். தொடர்ந்தால் எனக்கு முதுகலைப் பட்டம். இல்லாவிட்டால் மார்க்கெட் ஸ்திரீட்டில் பெரியப்பாவின் ஜவுளிக்கடையில் சேலை மடிப்பேன்.

அட்டை போட வேண்டிய நாளில் டாக்டர் ஓங்குக்குக் காய்ச்சல். நான் மட்டும், பாக் டின் என்ற மலாய்ப் படகுக்காரருடன் கிளம்பினேன். முதல் இரண்டு இடங்களில் அட்டைகளைக் கோலம் போடுவதுபோல் அழகாகத் தூவினேன். மூன்றாவது இடத்தில் காலைச் சாப்பாடு போனது. ஐந்தாவது இடத்தில், முந்தின நாள் சாப்பிட்டதெல்லாம் போனது. மீதி மூன்று இடங்கள் வடக்கே, வாய் திறந்து கடல் பெரிதாகும் பக்கம். அங்கே அலை இன்னும் அதிகம்.

"போலே லாகி கா, டீக்?" என்றார் பாக் டின். முடியுமா தங்கச்சி என்று கேட்கிறார். நான் கரை இருந்த பக்கமாகக் கையைக் காட்டினேன். அவர் படகைத் திருப்பினார்.

கரைக்கு வந்து கால் நிலத்தில் பட்டதும் என் புத்தி வேலை செய்தது. (வேலை செய்யாமலேயே இருந்திருக்கலாம்.) குறிப்பேட்டில், எட்டு இடம், இருநூற்று நாற்பது அட்டை, முடிந்தது என்று எழுதினேன். அடுத்த வாரம் மாத்திரை போட்டுக்கொண்டு போய் மீதித் தொண்ணூறையும் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? அந்தத் தொண்ணூறையும் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் எனக்கு மனமில்லை.

பதில்கள் வர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு என்று, ஒரு மாதத்தில் மொத்தம் பதினொன்று. வடக்கு இடங்களிலிருந்து ஒன்றுகூட இல்லை. (எப்படி வரும்?) டாக்டர் ஓங் வரைபடத்தின் முன்னால் நின்றுகொண்டு, "வடக்கிலிருந்து எதுவும் வரவில்லையென்றால் நம் கடல் பாதிதான், வசந்தி. பாதிக் கடலை எப்படிக் காட்டுவது?" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. வேலை நிரந்தரமாவது அவருக்கும் இதில்தான் இருந்தது. அன்றே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா கேட்டார். அவர் பினாங்குத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணிச் சரிபார்க்கும் குமாஸ்தா. அதிகம் பேச மாட்டார்.

"என்னம்மா, வேலையில பிரச்சனையா?"

"அட்டைக்குப் பதில் வரலப்பா. பதில் வரலன்னா எல்லாம் போச்சு."

"எத்தன பதில் வந்தா போதும்?"

"எவ்வளவு வந்தாலும் நல்லதுதான்."

அவர் தலையாட்டிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். நானும் அந்தப் பேச்சை மறந்துவிட்டேன்.

தீபாவளி வந்தது. வழக்கம்போல் சொந்தம் முழுவதும் எங்கள் வீட்டில். குளிமில் இருந்து மாமா, பட்டர்வொர்த் அத்தை, சிம்பாங் அம்பாட்டில் இருந்து சித்தி, அவரவர் பிள்ளைகள், மருமக்கள். நான் அடுக்களையில் தட்டுகளை நிரப்பிக்கொண்டிருந்தேன். முன்னறையில் அப்பா எல்லாருக்கும், பண்டிகைப் பணம் வைக்கும் அங்பாவ் உறை கொடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அங்பாவ் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கொடுப்பது. அறுபது வயது மாமாவுக்கு எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் முறுக்குத் தீர்ந்துவிட்டது என்று அம்மா கூப்பிட்டாள்.

தீபாவளி முடிந்த ஒரு வாரத்தில் டாக்டர் ஓங் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"வடக்கு அட்டைகள் வருகின்றன, வசந்தி. இன்று மட்டும் ஒன்பது."

கடலில் போடாத அட்டை கரையில் எப்படி ஒதுங்கும்?

இங்கேதான் என் அறிவியல் மூளையை நீங்கள் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. மயக்கத்தில் அவற்றையும் போட்டிருப்பேன், ஞாபகம் தப்பியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பகலெல்லாம் கணினிக்கு வெளியிலிருந்து தகவல் தேடிக் கொடுத்தவள், என் யூகத்தைக் கெடுக்கும் ஒரே தகவலைத் தேடாமல் மூன்று வாரம் அந்தக் கட்டிலின் மேல் படுத்துத் தூங்கினேன். (டின் அங்கே இருக்கவுமில்லை. அம்மா அதை எடுத்து முறுக்குப் போட்டுவைத்திருந்தாள். அதிலிருந்து முறுக்கு எடுத்துத் தின்றுகொண்டேதான் நான் கவலைப்பட்டிருக்கிறேன்.)

வடக்கு அட்டைகள் மட்டும் மொத்தம் நாற்பத்தாறு வந்தன. அட்டைகள் டாக்டர் ஓங்கின் அறையிலேயே இருந்தன. என்னிடம் எண், இடம், தேதி மட்டும் பட்டியலாக வரும், நான் கணினியில் ஏற்றுவேன். பாத்து ஃபிரிங்கி, தெலுக் பஹாங், தஞ்சோங் பூங்கா என்று எல்லாம் குடும்பத்தோடு சுற்றுலா போகும் கடற்கரைகள். ஒன்றில் மட்டும் சிம்பாங் அம்பாட் என்று இருந்தது. அது கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர். பக்கத்தில், 'ஆற்று வழியாக வந்ததா?' என்று டாக்டர் ஓங் பென்சிலில் எழுதியிருந்தார். அந்த ஊரில் எனக்குச் சொந்தச் சித்தி இருக்கிறாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

பேராசிரியர் வந்தார். நெஞ்சு வரை தாடி, மெல்லிய குரல். கூட்ட அறையில் இருபது பேர். டாக்டர் ஓங் நன்றாகப் பேசினார். கடைசியில், "வடக்கு அட்டைகளில் ஒரு புதுமை இருக்கிறது. நான்கு மூலைகளிலும் மஞ்சள் நிறப் படிவம். அங்கே கலக்கும் ஆற்று வண்டலாக இருக்கலாம்" என்றார்.

"நான்கு மூலைகளில் மட்டுமா?" என்றார் தாடிக்காரர்.

"உறையின் மூலைகள் வழியாக நீர் புகுந்திருக்க வேண்டும்."

அட்டைகள் கைமாறி என்னிடம் வந்தன. முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை. கல்யாணப் பத்திரிகைக்கு அம்மா வைப்பாளே, அதே விரலளவு, அதே கனம். மஞ்சள். என் காதில் 'ஙொய்' என்று சத்தம் கேட்டது.

"இன்னொரு மகிழ்ச்சியான செய்தி" என்றார் டாக்டர் ஓங். "இவற்றைக் கண்டெடுத்தவர்களைத் தேநீருக்கு அழைத்திருக்கிறோம். அநேகமாக எல்லாரும் இந்தியர்கள். அந்தச் சமூகத்துக்கு அறிவியலில் இருக்கும் அக்கறை என்னை மிகவும் தொட்டது."

கதவு திறந்தது. பட்டுச் சேலையில் அத்தை. கழுத்தில் கேமராவோடு குளிம் மாமா. அவர் மகன், மருமகள். தூக்குச்சட்டியோடு சித்தி. கடைசியில், வேனை நிறுத்திவிட்டு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா. நிச்சயதார்த்தத்துக்கு வருவதுபோல் வந்தார்கள். ஆனால் யாருமே என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தெரியாததுபோல் நடந்துகொள்ள வேண்டும் என்று அப்பா வேனிலேயே சொல்லியிருக்கிறார். பதினான்கு பேரும் முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். சித்தியால் மட்டும் முடியவில்லை. போகிறபோக்கில் என் கன்னத்தைத் தொட்டு, "என்னம்மா இப்படி எளச்சிட்ட" என்றாள்.

தாடிக்காரருக்கு சிம்பாங் அம்பாட் அட்டையின் மேல்தான் கண். "இவர் எங்கே, எப்படிக் கண்டெடுத்தார் என்று கேளுங்கள்" என்றார். டாக்டர் ஓங் என்னைப் பார்த்தார். "நீயே கேட்டு மொழிபெயர்த்துச் சொல், வசந்தி."

நான் எழுந்தேன். "சித்தி, அந்த அட்டை உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

சித்தி அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "தீபாவளிக்கு உங்கப்பா அங்பாவ் கவர்ல வச்சுக் குடுத்தாரு. படிப்பு விஷயம்னு உங்கம்மா மஞ்ச வச்சா. பிடிச்ச கடற்கரையா எழுதுங்கன்னாரு. நான் கடல் பக்கம் போயே நாலு வருஷம் ஆச்சு, அதான் வீட்ட எழுதிட்டேன். வெள்ளக்காரருகிட்ட என்னான்னு சொல்லணும்? நீ சொல்ற மாதிரி சொல்றேன் லா."

அறையில் தமிழ் தெரிந்தவர்கள் என் சொந்தக்காரர்கள் மட்டும்தான். ஆற்றோரம் கிடந்தது என்று நான் சொல்லியிருந்தால் அதுதான் உண்மையாகியிருக்கும். டாக்டர் ஓங்குக்கு வேலை, எனக்குப் பட்டம், எல்லாருக்கும் தேநீர். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் பயம் இருந்தது. என் வேலை போய்விடுமோ என்ற பயம். கப்பலில் வந்த பெட்டி ஒன்றைக்கூட இருபத்தெட்டு வருடத்தில் மாற்றி எழுதாத மனிதர், எனக்காக ஒரு குடும்பத்தையே பொய் எழுத வைத்திருக்கிறார். நான் அவரைவிட மோசமான பொய்யை எந்தக் காரணமும் இல்லாமல், வாந்திக்குப் பயந்து எழுதியிருக்கிறேன்.

சித்தி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அப்பா எழுந்தார். "சார், தப்பு என்னோடது. பெட்டியில தொண்ணூறு அட்டை கொடுக்காம கெடந்துச்சு. பொண்ணு மறந்துட்டான்னு நெனச்சேன். பதில் எண்ணிக்கதான் முக்கியம்னு நெனச்சு நானே டெலிவரி பண்ணிட்டேன்" என்று தன் துறைமுக ஆங்கிலத்தில் சொன்னார்.

"இல்ல" என்றேன். "அதுக்கு முன்னால என் தப்பு இருக்கு." குறிப்பேட்டில் எழுதிய பொய், ஐந்தாவது இடம், பிஸ்கட் டின், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் உட்கார நாற்காலியைத் தேடினேன். அது பின்னால் தள்ளிப் போயிருந்தது. தரையில் உட்கார்ந்தேன். குளிம் மாமா பழக்கதோஷத்தில் ஒரு படம் எடுத்தார். அந்தப் படம் இன்னமும் அவர்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது.

தாடிக்காரர் அட்டையை முகர்ந்து பார்த்தார். மூலையில் நாக்கை வைத்தும் பார்த்தார். பிறகு கணக்குத் தாளைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். "இந்த நாற்பத்தாறு அட்டைகளையும் திருப்திப்படுத்த, உங்கள் கடல் ஒரே மணி நேரத்தில் வடக்கேயும் தெற்கேயும் ஓட வேண்டியிருந்தது. நேற்று இரவிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கணக்குக்கு இந்த அட்டைகள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. உங்களுக்குத்தான் வரவில்லை." மீதிப் பதினொரு அட்டைகளும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகின்றன என்றார். ஆறு மாதம் தருவதாகவும், வடக்கு அட்டைகளை முறையாகப் போட்டுவிட்டு எழுதும்படியும் சொன்னார். சித்தியின் தூக்குச்சட்டியில் இருந்த வடையில் நான்கைச் சாப்பிட்டார்.

டாக்டர் ஓங் என்னோடு பேசவில்லை. எட்டு நாள் கழித்து என் மேசைக்கு வந்து, "ஒரு வாளி வாங்கிக்கொள். வியாழக்கிழமை படகு. நானும் வருகிறேன்" என்றார். போனேன். மூன்று இடங்களிலும் வாளியும் கையுமாகத் தொண்ணூறு புது அட்டைகளைப் போட்டேன். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணையும் எழுதினார். திரும்பி வரும்போது தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

வீட்டில் அப்பா பல நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவருக்கு என்மேல் கோபம் இல்லை, தன்மேல்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, ஆய்வுக்கூடத்துக்கு போன் வந்தது.

"வசந்தி, நான் எஸ்பிளனேட்ல இருக்கேன். கடல் சுவருக்குக் கீழ, கல்லு மேல, உன் அட்ட ஒன்னு கெடக்கு. நான் தொடல."

"எடுத்துட்டு வாங்கப்பா."

"வேணாம். நீ வந்து எடு. ரோஜாக் விக்கிறவர பக்கத்துல நிக்க வச்சிட்டுதான் போன் பண்றேன்."

பஸ் பிடித்துப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அப்பா குடையை அட்டைக்கு மேல் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். பக்கத்தில், காரமான பழக்கலவை விற்கும் அந்த ரோஜாக்காரர். வண்டியைக் கவனிக்க ஆளில்லாமல் வந்து நிற்கிறார் பாவம். கூடவே போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர், என்ன வழக்கு என்று தெரியாமலே, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"பாத்த நேரம் நாலு இருபது" என்றார் அப்பா. "தண்ணியிலேர்ந்து மூணு அடி. நான் பாத்தப்ப ஈரமா இருந்துச்சு, இப்ப காஞ்சிருச்சு. அதையும் எழுதிக்கம்மா. இவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுறேன்னு சொல்லியிருக்காங்க."

எண்ணைப் பார்த்தேன். ஏழாவது இடம். நிஜமாகவே கடல் கொண்டுவந்து போட்டது. அந்தச் சுவர்மேல் உட்கார்ந்து, போலீஸ்காரர் முன்னால், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பாவும் என் முகத்தைப் பார்த்தார். ரோஜாக்காரர் எங்கள் இருவருக்கும் ஒரு தட்டு ரோஜாக் கொண்டுவந்து கொடுத்தார்.

கணக்கில் அந்த ஒரு அட்டைக்கு மட்டும் மற்றவற்றைப்போல் மூன்று மடங்கு நம்பிக்கை மதிப்புக் கொடுத்திருந்தேன். டாக்டர் ஓங் கண்டுபிடித்து, மற்றவற்றின் மதிப்புக்கே இறக்கினார். சரிதான். அறிவியலில் அப்பாவுக்கென்று தனிச் சலுகை கிடையாது.

பட்டம் கிடைத்தது. அதற்கடுத்த வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சுற்றி வளைக்காமல், "பொண்ணு கொணம் எப்படிங்க?" என்று அப்பாவிடமே கேட்டார். வேறு யாராக இருந்தாலும் தங்கம், பத்தரை மாற்று என்று சொல்லியிருப்பார்கள். அப்பா அப்படிச் சொல்லவில்லை.

"என் மக பொய் சொல்ல மாட்டா" என்றார். "ஒரே ஒரு தடவ சொன்னா. அத அவளே எந்திரிச்சு நின்னு ஒத்துக்கிட்டா. அன்னிக்கு எங்க சொந்தக்காரங்க பதினாலு பேரு அங்க இருந்தாங்க. வேணும்னா கேட்டுக்கலாம்."

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் சரி என்றேன். இன்றுவரை, மீன் புதுசு என்றோ, சேலை தள்ளுபடியில் வாங்கியது என்றோ நான் எதைச் சொன்னாலும், அவர் பேப்பரை இறக்கிவிட்டுக் கேட்பார்: "பதினாலு பேர கூப்புடவா?"